கத்தியும் சாணைக்கல்லும்

புலி ஒன்று, ஆடு ஒன்று, புல்லுக்கட்டு ஒன்று. மூன்றையும் ஒரு குடியானவன் ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓடம் சிறியது, ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆடு புல்லைத் தின்றுவிடும். என்ன செய்வான்?

இந்தக் கணக்கைக் கேளாமல் நம் பக்கத்தில் யாரும் வளர்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். எனக்கு இதைப் போட்டவர் என் பெரியப்பா. திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்குப் பிரிவில் அவருக்கு உத்தியோகம். கோடை விடுமுறைக்குப் போனால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் பாய் விரித்த பிறகு இம்மாதிரிக் கணக்குகள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஆட்டை அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்புவது வரையில் எனக்கு ஓடும். அப்புறம் அதே ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டு வர வேண்டும் என்பது மட்டும் தோன்றவே தோன்றாது. கொண்டு போனதை யாராவது திருப்பிக் கொண்டு வருவார்களா?

"யோசிடா, யோசி. மூளைக்குச் சாணை பிடிக்கிற வேலை இது" என்பார் பெரியப்பா.

அவருக்கென்று தனியாக ஒரு சாணைக்கல் இருந்தது. ஆங்கில தினசரியில் வருகிற குறுக்கெழுத்துப் புதிர். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காலைக் காப்பியும் அதுவும் சேர்ந்தேதான். காதில் செருகிய பென்சிலை எடுத்து, பத்திரிகையை நாலாக மடித்து, கட்டங்களை நிரப்பி முடித்த பிறகுதான் குளிக்கப் போவார். ஓய்வு பெற்ற பின்பும் அந்த நியமம் மாறவில்லை. "இவருக்கு வயசானாலும் மூளைக்கு வயசாகாது" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. சில வாரம் படிக்கக் கூடாது என்றார்கள். படிக்க ஆள் இல்லாத பத்திரிகை எதற்கு என்று பெரியம்மா அதை நிறுத்திவிட்டாள். கண் சரியானது. ஆனால் பெரியப்பா பத்திரிகையைப் பற்றிக் கேட்கவேயில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்காத விஷயங்கள் பெருகின. கேட்டதையே கேட்பதும் பெருகிற்று. நரம்பு வைத்தியர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார். அல்சைமர் என்ற அந்தப் பெயரைப் பெரியம்மா இன்று வரை சரியாக உச்சரித்ததில்லை. உச்சரிக்க விருப்பமில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சென்ற தை மாதம் நான் போயிருந்தபோது சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு மெல்லக் கேட்டாள்: "அந்தப் பேப்பரை நிறுத்தினது நான்தான். நிறுத்தாம இருந்திருந்தா அவருக்கு இப்படி ஆகியிருக்காது, இல்லையாடா?"

கதை எழுதுகிறவனுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது? ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. எனக்கும் நான் சொன்னதில் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. புதிர் போட்டால் மூளை கூர்மையாகும் என்று யார் முதலில் சொன்னார்கள்? அது எப்போதாவது சோதித்துப் பார்க்கப்பட்டதா? ஊர் திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படிக்கலானேன். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆகவே, இந்த விஷயத்தில் என்னை நிபுணன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். ஒரு கிழவியின் கேள்விக்குப் பதில் தேடிப் போனவன், அவ்வளவுதான்.

தேடலின் முதல் வாசலிலேயே பெரியப்பாவின் புலியும் ஆடும் எனக்காகக் காத்திருந்தன. அதுவும் எங்கே? ஐரோப்பாவில், சார்லிமேன் சக்கரவர்த்தியின் காலத்தில்!

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பண்டிதர் அல்குவின் என்பவர் கி.பி. 782-ல் சார்லிமேனின் சபைக்குப் போய்ச் சேர்ந்தார். சக்கரவர்த்திக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்ன ஆசிரியர் அவர். அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் லத்தீன் கணக்குத் தொகுப்பு ஒன்று உண்டு. ஐம்பதுக்குச் சற்று அதிகமான கணக்குகள். அவற்றில் ஒன்றில் ஒரு மனிதன் ஆற்றங்கரையில் நிற்கிறான். நம் புலிக்கு அங்கே ஓநாய் வேஷம். புல்லுக்கட்டுக்குக் கோஸ் வேஷம். ஆடு மட்டும் வேஷம் மாறாமல் ஆடாகவே இருக்கிறது. தொகுப்பின் முதல் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு நத்தையைத் தகைவிலான் குருவி விருந்துக்கு அழைக்கிறது. விருந்து நடக்கும் இடம் ஒரு லீக் தூரம். நத்தை நாளொன்றுக்கு ஓர் அங்குலம்தான் நகரும். எப்போது போய்ச் சேரும்? 246 வருஷம் 210 நாள் ஆகும் என்று விடை எழுதியிருக்கிறது. விருந்து ஆறிப் போயிருக்கும் என்பதைப் பண்டிதர் எழுதவில்லை.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தத் தொகுப்பின் தலைப்பு. 'இளைஞர்களைக் கூர்மையாக்குவதற்கான கணக்குகள்' என்பது அதன் பொருள். லத்தீனில் கத்தியைத் தீட்டுவதற்கு உள்ள சொல்லையே போட்டிருக்கிறார்கள். பொன்மலை மொட்டை மாடியில் பேசப்பட்ட சாணைக்கல் ஆயிரத்து இருநூறு வருஷத்துப் பழசு!

ஆக, புதிர் விளையாட்டு பிறந்தபோதே மூளையைத் தீட்டும் என்ற வாக்குறுதியும் கூடப் பிறந்துவிட்டது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் கணக்கதிகாரத்து வினாக்களை அந்த நம்பிக்கையில்தான் போட்டிருப்பார்கள். வாத்தியார் கையில் இருந்த வரையில் புதிருக்கு நல்ல பெயர்தான். அது வாத்தியாரிடமிருந்து தப்பித்துக் கடைத்தெருவுக்கு வந்தபோதுதான் கதை மாறிற்று.

1879-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு சிறிய பெட்டி விற்பனைக்கு வந்தது. அதில் ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்ட பதினைந்து மரக்கட்டைகள். பதினாறாவது இடம் காலி. கட்டைகளை வெளியே எடுக்காமல் நகர்த்தியே வரிசைப்படுத்த வேண்டும். நியூயார்க் மாகாணத்தில் கானஸ்டோட்டா என்ற ஊரின் போஸ்ட்மாஸ்டர் நோயஸ் சாப்மன் கண்டுபிடித்தது இது. பாஸ்டன் நகரத்தில் தொற்றிய பைத்தியம் சில மாதத்தில் ஐரோப்பாவுக்கும் பரவிற்று. அதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் சரியாக இருந்து பதினான்கும் பதினைந்தும் மட்டும் இடம் மாறி நின்றுவிட்டால், தலைகீழாக நின்றாலும் அவற்றைச் சரிப்படுத்த முடியாது. முடியாது என்பதை இரண்டு கணித நிபுணர்கள் 1879-ஆம் வருஷத்து ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் நிரூபித்தே காட்டிவிட்டார்கள். ஆனால் ஆராய்ச்சிப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள்? ஜனங்கள் ராத்திரி பகலாகக் கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் சாம் லாய்ட் என்ற புதிர்க்காரர் அதைத் தாம்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு, அந்த ஆகாத காரியத்துக்கு ஆயிரம் டாலர் பரிசும் அறிவித்தார். கொடுக்க வேண்டியிராது என்று தெரிந்த பரிசை எவ்வளவு தாராளமாக அறிவிக்கலாம் பாருங்கள்! அந்தக் காலத்தில் இந்தப் பெட்டி மூளைக்கு நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூளையைக் கெடுத்துவிடும் என்றுதான் கேலி செய்தார்கள்.

குறுக்கெழுத்துக்கும் முதலில் இதே கதிதான். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு இதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் கட்டம் போட்டு ஒரு சொல் விளையாட்டை வெளியிட்டார். பத்து வருஷம் அது பத்திரிகையின் மூலையிலேயே கிடந்தது. 1924-ல் சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் பிரசுராலயம் தொடங்கி, தங்கள் முதல் வெளியீடாகக் குறுக்கெழுத்துப் புத்தகம் ஒன்றைப் போட்டார்கள். ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சில்! அவ்வளவுதான், அமெரிக்கா பைத்தியம் பிடித்துப் புதிரில் விழுந்தது. ரயில் பிரயாணிகளுக்காக வண்டியில் அகராதி வைத்த கம்பெனியும் உண்டு. (பெரியப்பா நல்ல நினைவோடு இருந்திருந்தால் இதை உடனே அவரிடம் சொல்லியிருப்பேன். "நம்ம ரயில்வேயில அகராதி வெச்சா மறுநாளே காணாமப் போயிருக்கும்" என்றிருப்பார்.) 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அந்த வருஷம் தலையங்கமே எழுதி, இது ஒரு பைத்தியம், பாபகரமான கால விரயம் என்று கண்டித்தது.

நம் ஊரிலும் இந்த ஜுரம் வந்தது. 1930-களில் வாசனின் 'ஆனந்த விகடன்' நடத்திய குறுக்கெழுத்துப் போட்டியும் அதன் பரிசும் அந்தத் தலைமுறைக்காரர்கள் மறக்காத விஷயம். நாளடைவில் தேசமெங்கும் பெரிய தொகைகளைப் பரிசாக வைத்துப் போட்டிகள் கிளம்பின. ஒரு கட்டத்துக்குக் 'கல்' என்றும் போடலாம், 'பல்' என்றும் போடலாம். இரண்டுக்கும் பொருள் பொருந்தும். ஆனால் உறைக்குள் வைத்து முத்திரையிட்ட விடை எதுவோ அதற்குத்தான் பரிசு. இதில் அகராதி எதற்கு, ஜோசியம் அல்லவா வேண்டும்? 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. ஒருவர் நடத்தும் போட்டிகளின் பரிசு மாதத்துக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிற்று. 1957-ல் நீதிபதிகள், திறமையால் ஜெயிக்கிற போட்டி வேறு, சூதாட்டம் வேறு என்று கோடு போட்டுப் பிரித்து, சூதாட்டப் போட்டிகளின் மீது அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். குறுக்கெழுத்து மூளைக்கு மருந்தா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அது சூதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

இந்தப் பொல்லாத பிள்ளை நல்ல பிள்ளையானது யுத்தத்தினால். இருபது வருஷமாய் முகம் சுளித்துக்கொண்டிருந்த அதே 'நியூயார்க் டைம்ஸ்', 1942 பிப்ரவரியில் தானும் குறுக்கெழுத்தை வெளியிட ஆரம்பித்தது. யுத்தச் செய்திகளையே படித்துப் படித்து மனம் சோர்ந்த வாசகர்களுக்கு ஓர் ஆறுதல் வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு லண்டனில் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஒரு புதிரை முடிக்க வேண்டும். முடித்துக் காட்டிய சிலருக்குப் பிறகு அரசாங்கத்திடமிருந்து ரகசியக் கடிதம் வந்தது. எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் வேலை நடந்த பிளெட்ச்லி பார்க்குக்கு ஆள் எடுத்தார்கள்! வீண் பொழுதுபோக்கு என்று ஏசப்பட்ட விளையாட்டுக்கு இதைவிட வேறென்ன நற்சாட்சிப் பத்திரம் வேண்டும்?

ஆனால் நிதானமாக யோசித்தால் இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். அவர்கள் புதிர் போட்டதனால் மூளை கூர்மையாயிற்றா? கூர்மையான மூளை இருந்ததனால் புதிரை வேகமாய்ப் போட்டார்களா? பெரியம்மாவின் கேள்விக்கும் இதுவே முடிச்சு.

இந்த முடிச்சை முதலில் அவிழ்க்கப் பார்த்தவர்கள் தார்ண்டைக், உட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள். லத்தீன் படித்தால் புத்தி முழுவதும் பலப்படும், எந்த வேலைக்கும் அது உதவும் என்று பள்ளிக்கூடங்கள் ஓதிவந்த காலம் அது. 1901-ல் இவர்கள் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. சிலருக்குச் செவ்வகக் காகிதங்களைக் காட்டி, அவற்றின் பரப்பைக் கண்ணாலேயே மதிப்பிடப் பழக்கினார்கள். பழகப் பழக மதிப்பீடு துல்லியமாயிற்று. பிறகு வேறு வடிவங்களையும் வேறு அளவுகளையும் கொடுத்தார்கள். பழகிய சாமர்த்தியத்தில் பெரும் பகுதி அங்கே காணாமல் போயிற்று. செவ்வகத்தில் தேறியவன் முக்கோணத்தில் திணறினான். மனம் என்பது எந்தப் பக்கம் தீட்டினாலும் முழுவதும் கூராகிற கத்தி என்ற எண்ணத்துக்கு விழுந்த முதல் அடி அது.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் சர்வகலாசாலையில் ஒரு மாணவர். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவரை இரண்டு எழுத்துகளால் குறிப்பிட்டிருக்கிறார்கள். விநாடிக்கு ஒன்றாக எண்களைச் சொன்னால் அவரால் ஏழு எண்களை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்ல முடியும். நம்மில் பலருக்கும் அவ்வளவுதான் முடியும். சுமார் இருபது மாதத்தில் 230 மணி நேரம் போலப் பழகினார். முடிவில் எழுபத்தொன்பது எண்களைத் திருப்பிச் சொன்னார்! 1980-ல் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரசுரித்தபோது ரகசியத்தையும் சொன்னார்கள். அவர் ஓட்டப் பந்தயக்காரர். எண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இது ஒரு மைல் ஓடின நேரம், இது இரண்டு மைல் ஓடின நேரம் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். சரி, ஞாபக சக்தி இத்தனை வளர்ந்துவிட்டதே, எண்ணுக்குப் பதில் எழுத்துகளைச் சொல்லிப் பார்ப்போம் என்று பார்த்தார்கள். ஆறு எழுத்து வந்தது. ஆறே ஆறு!

இதைப் படித்தபோது நம் அவதானிகள் நினைவுக்கு வந்தார்கள். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர், கூட்டம் கூட்டமாய் வந்து விழுந்த கேள்விகளையெல்லாம் மனத்தில் நிறுத்திப் பதில் சொன்னவர். அவர் சாணைக்கல் தமிழ் யாப்பு. வாழ்நாளெல்லாம் தோய்ந்த கவிதையில்தான் அந்த நினைவு விளைந்தது. மேடையில் நூறு விஷயத்தை நிறுத்தும் ஆற்றல் இருந்தால் வீட்டில் மூக்குக் கண்ணாடி வைத்த இடமும் தப்பாது என்பதற்கு மேற்படி மாணவரைப் பார்த்த பிறகு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

இத்தனையும் 1980-க்குள் தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் மூளைப் பயிற்சி என்ற பெரும் வியாபாரம் அதற்கு அப்புறம்தான் வந்தது. மனிதர்களுக்கு ஆயுள் கூடிவிட்டது. ஆயுளோடு மறதியைப் பற்றிய பயமும் கூடிவிட்டது. பயம் இருக்கிற இடத்தில் சரக்கு வந்து இறங்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

முதலில் வந்தது சுடோகு. அதன் பெயர்தான் ஜப்பானியப் பெயர், பிறப்பு அமெரிக்கா. ஹாவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் போட்ட புதிர் 1979-ல் ஒரு புதிர்ப் பத்திரிகையில் வேறு பெயரில் வெளியாயிற்று. 1984-ல் அது ஜப்பானுக்குப் போய்ச் சுடோகு ஆயிற்று. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வெய்ன் கூல்ட் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் அதைப் பார்த்து மயங்கி, புதிர் தயாரிக்கக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் சேர்த்தார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவிற்று. கார்ன்ஸ் 1989-லேயே காலமாகிவிட்டார். தம் பிள்ளை ராஜாவானதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி, தொஹோகு சர்வகலாசாலைப் பேராசிரியர் ரியூதா கவாஷிமாவின் பெயரில் கையடக்க விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல். நீல மையில் எழுதின 'சிவப்பு' என்ற சொல்லைப் பார்த்து, சொல்லை விட்டு மையின் நிறத்தைச் சொல்வது. இப்படிச் சில பரீட்சைகள். முடிவில் உங்கள் மூளையின் வயது இத்தனை என்று அது தீர்ப்புச் சொல்லும். இருபது என்றால் உத்தமம். சுமார் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பிரதிகள் விற்றன.

இம்மாதிரியான விளையாட்டு ஒன்றைக் கைபேசியில் இறக்கி நானும் ஆடிப் பார்த்தேன். என் வயது 47. முதல் நாள் என் மூளைக்கு 63 என்று சொல்லிற்று. மனம் என்ன பாடு பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாரம் விடாமல் ஆடினேன். 31-க்கு இறங்கிற்று! அதே மூன்று வாரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில், மூன்றாம் அத்தியாயத்தில் சுந்தரேசனாக இருந்த கதாநாயகனின் தகப்பனார் பதினோராம் அத்தியாயத்தில் சோமசுந்தரமாகிவிட்டார். ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டாள், அந்த அம்மாள் மறுமணம் செய்துகொண்டாளா என்று.

என் அனுபவத்தை விடுங்கள். 2010-ல் இங்கிலாந்தில் பிபிசியின் ஏற்பாட்டில் 11,430 பேர் ஆறு வாரம் இம்மாதிரிப் பயிற்சி செய்தார்கள். பழகிய ஆட்டத்தில் எல்லோரும் தேறினார்கள். பழகாத பரீட்சைகளுக்கு அந்தத் தேர்ச்சி போய்ச் சேரவில்லை. செவ்வகமும் முக்கோணமும் மறுபடி! 2016 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன், லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிக் கம்பெனி, முதுமை மறதி குறித்து ஜனங்களுக்கு இருக்கும் பயத்தைப் பயன்படுத்தி ஆதாரமில்லாத விளம்பரம் செய்ததாகக் குற்றம் சாட்டிற்று. இருபது லட்சம் டாலர் கட்டிக் கம்பெனி அதை முடித்துக்கொண்டது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் புதிரெல்லாம் புரட்டு என்று சொல்லிவிடலாம். எனக்கும் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,800-க்கும் அதிகமானவர்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. சிலருக்கு நினைவுப் பயிற்சி, சிலருக்கு யுக்திப் பயிற்சி, சிலருக்குக் கண்ணில் பட்டதைச் சட்டென்று கிரகிக்கும் பயிற்சி, சிலருக்கு ஒன்றுமில்லை. 2002-ல் வந்த முதல் முடிவு பழைய பாட்டுத்தான்: அவரவர் பழகியதில் அவரவர் தேறினார்கள். ஆனால் 2017-ல், பத்து வருஷக் கணக்கைப் பார்த்தபோது, சட்டென்று கிரகிக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதி நோய் வந்த அபாயம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. மற்ற இரண்டு பயிற்சிகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. 2022-ல் வெளியான இன்னொரு சோதனையில், ஞாபகம் சற்றுத் தளர ஆரம்பித்திருந்த 107 பேரில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் விளையாட்டும் பாதிப் பேர் குறுக்கெழுத்தும் போட்டார்கள். 78 வாரத்துக்குப் பின் குறுக்கெழுத்துக்காரர்களே சற்று முந்தி நின்றார்கள். இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்காததால், சும்மா இருப்பதைவிட அது மேலா என்பது தீரவில்லை. பெரியப்பாவுக்கு இதுவே போதும்; "பார்த்தாயா!" என்று தொடையைத் தட்டியிருப்பார்.

எல்லாவற்றிலும் எனக்கு வேண்டிய பதில் இருந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி முதியவர்கள் பற்றிய ஆராய்ச்சியில். பல வருஷம் தொடர்ந்து பரீட்சை செய்யப்பட்ட 488 பேரில் 101 பேருக்கு மறதி நோய் வந்தது. அந்த 101 பேரில் குறுக்கெழுத்துப் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நினைவு சரிய ஆரம்பித்த காலம் மற்றவர்களைவிட இரண்டரை வருஷம் தள்ளிப் போயிருந்தது. 2011-ல் வெளியான முடிவு இது. ஆனால் அடுத்த வரியும் உண்டு. சரிய ஆரம்பித்த பிறகு குறுக்கெழுத்துக்காரர்கள் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த நோய் வெளியே தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே மூளைக்குள் நுழைந்துவிடுகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அப்படியானால், பெரியப்பா பென்சிலும் கையுமாகக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்த எத்தனையோ காலை வேளைகளில் அது உள்ளேதான் இருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் முன்னால் நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தன போலும். சேமிப்பு தீர்ந்ததும் கடன் ஒரேயடியாக வெளியே வந்தது. கண் சிகிச்சை முடிந்த அந்தச் சில வாரத்தில் எல்லாம் போய்விட்ட மாதிரி எங்களுக்குத் தோன்றியதற்கு இதுதான் காரணமாயிருக்க வேண்டும். பத்திரிகையை நிறுத்தியதும் நோய் வந்ததும் ஒரே சமயத்தில் கண்ணுக்குப் பட்டன. ஒன்றால் மற்றொன்று வரவில்லை.

பங்குனியில் திருச்சிக்குப் போனபோது இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். நத்தையையும் சார்லிமேனையும் விட்டுவிட்டு, பிராங்க்ஸ் முதியவர்களை மட்டும் சொன்னேன். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்போ நான் நிறுத்தினதாலே இல்லைங்கிறே."

"இல்லை பெரியம்மா. நீங்கள் நிறுத்துவதற்கு ரொம்ப வருஷம் முன்னாடியே வந்துவிட்டது."

"அதோடயா தினம் புதிர் போட்டிண்டிருந்தார்?"

"ஆமாம்."

கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்தாள். பெரியப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "சரி, இப்போ பேப்பர் போடச் சொல்லட்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லு" என்றாள்.

"போடச் சொல்லுங்கள்" என்றேன்.

மறுநாள் காலை நானே கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்து, புதிர் உள்ள பக்கம் மேலே தெரியும்படி நாலாக மடித்து அவர் மடியில் வைத்தேன். பெரியம்மா பென்சில் தேடிக் கொண்டுவந்தாள். அவர் பென்சிலை வாங்கிப் பார்த்தார், காதில் செருகிக்கொண்டார். பிறகு எடுத்து, முதல் கட்டத்தில் ஓர் எழுத்துப் போட்டார். அடுத்ததில் இன்னொன்று. கோணாமல், கட்டத்துக்கு வெளியே போகாமல், அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி, வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். எந்தச் சொல்லும் சேரவில்லை. காப்பி ஆறுவதற்குள் பக்கத்தை முடித்துவிட்டு, "குளிக்கப் போகலாமா?" என்று கேட்டார்.